காணாமல் போன அடுப்பு

துப்பறிவாளரைத் தேடி வந்த பெண் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். பஸ் டிப்போ குமாஸ்தா.

“என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க சார். எந்த டிரைவருக்கு எந்த பஸ்னு டூட்டி சார்ட் போட, ஸ்ப்ரெட்ஷீட் விரிதாள்ல பைத்தான் மொழியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருந்தேன். லீவு முடிஞ்சு வந்து பட்டனை அமுக்கினா அசையவே இல்லை. சம்பள உயர்வு கேட்ட கோபத்துல நானே அழிச்சுட்டேனாம். நாளைக்கு விசாரணை.”

“அழிச்சீங்களா?” என்றான் குடுக்கை. துப்பறிவாளரின் உதவியாளன்; பெயர் அவசரக்குடுக்கை என்பதன் சுருக்கம். அவள் பார்த்த பார்வையில் அவன் தன் பேனாவை ஆராயத் தொடங்கினான்.

கணினிக் கோளாறுகளில் துப்பறிவதே அவன் முதலாளியின் பிழைப்பு. “அந்த மெஷின் இதுக்கு முன்னாடி ஏதாவது தொல்லை பண்ணுச்சா?” என்றார் நிதானமாக.

“டிஸ்க்ல இடமில்லைன்னு ஓயாம கத்தும் சார்.”

“புதுசா எதையாவது ஏத்தணும்னா?”

“அதுக்குப் பாஸ்வேர்டு வேணும் சார். அது டிப்போ மேனேஜர்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

மறுநாள் டிப்போவில் மேனேஜர் கையை விரித்தார். “இந்தம்மா கைவரிசையை நீங்களே பாருங்க.”

அரை மணி நேரமாகியும் மெஷின் ஒருமுறைகூடக் கத்தவில்லை. துப்பறிவாளர் ஃபைலைப் பொட்டலம் போலப் பிரித்தார். ஸ்கிரிப்ட் உள்ளே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அப்போ ஸ்கிரிப்ட்லயே வேணும்னு தப்பு வெச்சிருக்காங்க!” என்று துள்ளினான் குடுக்கை.

“தப்பு இருந்தா பாதி ஓடி, திட்டிட்டு நிக்கும். இது திட்டக்கூட இல்லையே. ஸ்கிரிப்ட்டை ஓட்டுற மேக்ரோ மெனுவைப் பாரு” என்றார் துப்பறிவாளர்.

மெனுவில் பேசிக் என்ற இன்னொரு மொழி இருந்தது. பைத்தான் என்ற வரியே இல்லை.

“பாத்திரத்துல இருந்ததைத் திருடினா அடுப்பு மிஞ்சும். இங்கே அடுப்பையே காணோம். பைத்தானை ஓட்டுற பகுதி இந்த மென்பொருள்ல ஏறவே இல்லை. யாரோ புதுப் பதிப்பு போட்டிருக்காங்க. இடத்தை மிச்சம் பிடிக்க, பைத்தான் வேணுமான்னு கேட்கிற கட்டத்துல இருந்த டிக்கை எடுத்துட்டாங்க. அதுக்குப் பாஸ்வேர்டு வேணும்.” அவர் இன்னொரு ஃபோல்டரைத் திறந்தார். ‘சினிமா’. “மிச்சம் பிடிச்ச இடத்துல குடிவந்தவங்க இவங்கதான்.”

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

“தெரியாத பேரா இருந்துச்சு, எடுத்துட்டேன். அதுக்கென்ன இப்போ?” என்றார் அவர். பாஸ்வேர்டை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு தட்டினார்.

விடுபட்ட பகுதி ஏறியது. பட்டனை அமுக்கியதும் டூட்டி சார்ட் கடகடவென்று நிரம்பியது. மேனேஜருக்கு முகமெல்லாம் பல். தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

“அட! இதை யார் வேணும்னாலும் அமுக்கலாமா?”

“சின்னக் குழந்தைகூட அமுக்கலாம் சார்!” முந்திக்கொண்டான் குடுக்கை. துப்பறிவாளர் கண்களை மூடிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம். ஏம்மா, உன் மேல தப்பே இல்லை, சஸ்பென்ஷன் ரத்து. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்துல குடைச்சல் கொடுக்கறாங்க, யாரை அனுப்பறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். இனி நீ மரியாதையாவே போகலாம். நல்ல சர்டிஃபிகேட்டா எழுதித் தர்றேன்.”

வாசலில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நிஜமாவே அழிச்சிருந்தா, திரும்ப எழுதறதுக்காவது என்னை வெச்சிருப்பாங்க, இல்லை?”

வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்படாமல், குடுக்கை அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.