மருதப்பிள்ளை, 2288

யூரோப்பாவில் சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லவும் ஆதாரம் வேண்டும்.

"உப்பு கம்மி. சமையல் பொறி, இன்னிக்குக் காலைல ஏழு மணி," என்றான் செண்பகராமன். பொறியின் பெயரையும் நேரத்தையும் சேர்க்காமல் விட்டிருந்தால், எல்லோரையும் போல அவன் தொண்டையிலும் பதித்திருந்த சான்றுமணி கிணுகிணுத்து மானத்தை வாங்கியிருக்கும். பூமியில் பொய்க்காலம் என்று ஒன்று வந்தது. எது நிஜம், எது இட்டுக்கட்டியது என்று தெரியாமல் மனிதர்கள் அடித்துக்கொண்டு செத்தார்கள். அதிலிருந்து தப்பி, வியாழனைச் சுற்றும் இந்தப் பனிநிலவுக்கு வந்தவர்கள் போட்ட சட்டம் இது. பனியைக் குடைந்து ஊர் கட்டினார்கள். ஊரை ஆளும் ஆய்வவையின் வாசலில் 'கண்ணால் காண்பதும் பொய்' என்று பெரிதாகப் பொறித்தார்கள். பழமொழியின் மிச்சத்துக்கு இடம் போதவில்லையாம்.

செண்பகராமனின் மனைவி இன்பவல்லிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவள் பனிச்சுவர்களைக் கண்காணிக்கும் பொறியாளர். நான்காம் தளத்தில், அவள் கணவனோடு எண்பது பேர் வேலை செய்யும் நீரிறைக்கும் கூடத்தில், சுவரில் ஒரு விரிசல் விட்டிருந்தது. நேற்று அதில் நகம் நுழைந்தது. இன்று காலை விரலே நுழைந்தது. சுவருக்கு அப்பால் கடல்.

"நாலு மணி ஷிப்டுக்குப் போகாதீங்க."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். என் கண்ணால பாத்தேன்." அவள் தொண்டையில் மணி கிணுகிணுத்தது.

"அதைச் சொல்லி லீவு கேட்டா சிரிப்பாங்க இன்பா. கட்டுரையை ஏத்து. நான் மட்டும் என்ன, எல்லாருமே வெளிய வந்துடறோம்."

சிக்கலே அங்கேதான் இருந்தது. தளத்தை மூட வேண்டுமானால் ஆய்வவை ஏற்றுக்கொண்ட கட்டுரை வேண்டும். வீட்டுப் பேச்சுக்குப் பொறியின் சாட்சி போதும். கட்டுரையிலோ ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும், அதை முன்பே எழுதிய ஒருவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் நிற்க வேண்டும். இன்பவல்லி மூன்று முறை அனுப்பினாள். 'நான்காம் தளச் சுவரில் விரிசல் வளர்கிறது' என்ற வாக்கியத்தில் அவையின் சரிபார்ப்பான் பொறி மூன்று முறையும் முரண்டு பிடித்தது. 'இதற்கு முன் சொன்னவர் யார்?' நேற்றுப் பிறந்த விரிசலைப் பற்றி எந்தப் புண்ணியவான் முன்கூட்டி எழுதி வைத்திருப்பான்?

மணி ஒன்றரை ஆயிற்று. பரீட்சையில்கூடப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தவள் இல்லை அவள். அந்த வாக்கியத்தின் வாலில் '(மருதப்பிள்ளை, 2288)' என்று தட்டினாள். அப்படி ஒருவர் கிடையாது. வாய்க்கு வந்த பெயர். நூல் பூமியில் இருப்பதாகவும் எழுதினாள். பூமி நூலகத்திலிருந்து பதில் வர மூன்று நாளாகும். அதுவரை சரிபார்ப்பான் பார்ப்பதெல்லாம் பெயர் இருக்கிறதா, காற்புள்ளி இருக்கிறதா, ஆண்டு இருக்கிறதா என்பதைத்தான். எல்லாம் இருந்தன. கட்டுரை ஏறிவிட்டது.

மூன்று மணிக்கு அதை ஏற்பதா என்று பார்க்க ஆய்வவை கூடியது. மூத்த ஆய்வாளர் கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். தளத்தை மூடினால் ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பது அவர் கவலை.

"கட்டுரை சரிதான். ஆனா இந்த அம்மா மருதப்பிள்ளையை அரைகுறையாப் படிச்சிருக்காங்க. இந்த மாதிரி விரிசல் தானாவே உறைஞ்சு மூடிக்கும்னு அவரே சொல்றார். மருதப்பிள்ளை, 2288, பக்கம் நூத்திநாப்பத்தொண்ணு."

இன்பவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் பிறந்த மனிதருக்கு நூற்று நாற்பத்தோரு பக்கமா!

"அவர் அப்படிச் சொல்லலைங்க." அவள் மணி கிணுகிணுத்தது.

"நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

அவையில் நாலைந்து பேர் கோதண்டத்துக்காகத் தலையாட்டினார்கள். தலைவர் அம்பலவாணர் கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் ஒரே நூலைத்தான் காட்டறீங்க. பூமியிலேருந்து பதில் வரட்டும். மூணு நாள் பொறுப்போம்."

மூன்றரை. கீழே ஷிப்டுக்காரர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருப்பார்கள். இனி வேலை போனால் என்ன, பெயர் கெட்டால் என்ன என்று இன்பவல்லி எழுந்தாள்.

"ஐயா, மருதப்பிள்ளைன்னு ஒருத்தரே கிடையாது. நான் இட்டுக்கட்டின பேரு."

மணி கிணுகிணுத்தது. அம்பலவாணர் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "அவர் கிடையாதுன்னு இதுக்கு முன்னாடி யாரும்மா எழுதியிருக்காங்க?"

அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. சுவரையும் பார்க்காமல் புத்தகத்தையும் பார்க்காமல் எண்பது உயிரைக் காப்பதை மூன்று நாள் தள்ளிப்போடும் இந்தக் கூட்டத்தின் மேல் அப்படி ஒரு கோபம். முகத்தைத் துடைத்துக்கொண்டு கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மன்னிக்கணும். ஐயா படிச்சது முதல் பதிப்பு. ரெண்டாம் பதிப்புல அந்தப் பக்கத்தையே அவர் எடுத்துட்டார். விரல் நுழையற விரிசல்னா உடனே ஆளுங்களை வெளியேத்தணும்னு எழுதறார். மருதப்பிள்ளை, 2290."

மணி ஒலிக்கவில்லை. எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் பதிப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சொல்ல ஒரு மூத்த ஆய்வாளருக்கு வாய் வருமா?

"ஆமாமா," என்றார் அவர். "ரெண்டாம் பதிப்புல மாத்தியிருக்கார். எனக்குத்தான் சட்டுனு ஞாபகம் வரலை."

மூன்று ஐம்பதுக்குத் தளத்தை மூடினார்கள். நான்கு இருபதுக்குச் சுவர் பிளந்து கடல் உள்ளே புகுந்தது. கூடத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

வீட்டுக்கு வந்த செண்பகராமன் அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "மருதப்பிள்ளை மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல, இன்பா. மகராசன், நல்லா இருக்கணும்!"

"மருதப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. விரிசலைப் பாத்தது நான். எழுதினதும் நான்." மணி கிணுகிணுத்தது.

பாவம், அலைச்சலில் பிதற்றுகிறாள் என்று அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"அவரைப் போய் இல்லேங்கிறியே! நான் காலேஜ்லயே படிச்சிருக்கேன். நடை கொஞ்சம் கரடுமுரடா இருக்கும். ஆனா விஷயம் உள்ள மனுஷன்."