வலைக்கு இந்தப் பக்கம்

எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே ஒரு பச்சை பெஞ்சு இருக்கிறது. ஜன்னலை உடைத்தவர்கள், பக்கத்துப் பையனைக் கடித்தவர்கள் எல்லாம் உட்காரும் இடம் அது. நான் யாரையும் கடிக்கவில்லை. ஆனாலும் இந்த வருடம் தினமும் மத்தியானம் அந்த பெஞ்சில்தான் எனக்குச் சாப்பாடு.

காரணம் என் டப்பாவுக்குள் இருந்தது. சீஸை மாவுக்குள் மடித்து அம்மா சுட்ட எம்பனாடா, மூன்று.

போன வருடம் நானும் எல்லோரையும் போலச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் சாப்பிட்டேன். பிறகு வில்லா கிரெஸ்போ பகுதியில் இருந்த அப்பாவின் துணிக்கடையை மூட வேண்டியதாகிவிட்டது. யூதப் பள்ளியில் படிப்பது என்றால் செலவு கொஞ்சமா? அம்மா பள்ளி அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார். கடைசியில், "மிகால் இங்கேயே படிக்கட்டும்" என்று கட்டணத்தைக் குறைத்தார்கள். படிப்புக்குச் சலுகை கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

டப்பாவோடு கூடத்துக்குள் போக முடியாது. அங்கே சமைப்பது கறி. எங்கள் மத விதிப்படி பாலும், பாலில் செய்த சீஸும் கறியோடு சேரக்கூடாது. சமையலறையைக் கண்காணிக்கும் பெரியவர் தோன் சாலோ வாசலிலேயே நிற்பார். அவருடைய தாடியைத் தாண்டி வெளியிலிருந்து ஒரு சாக்லேட்கூட உள்ளே போனதில்லை.

யாரும் என்னை விரட்டவில்லை. விரட்டியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். என் தோழி யமிலா தினமும் கூடத்து வாசல் வரை என்னோடு வருவாள்.

"சீக்கிரம் சாப்பிட்டுட்டு ஓடி வந்துடறேன்டி" என்பாள்.

கதவு மூடிக்கொள்ளும். உள்ளே கரண்டிச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்கும். அவள் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

தனியாக உட்கார்ந்து ஒரு எம்பனாடாவை மென்று முடிக்க எவ்வளவு நேரமாகும் தெரியுமா? எதிர்ச்சுவரில் நூற்றுப் பன்னிரண்டு ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் விரிசல். மூன்றாவது எம்பனாடா மட்டும் எனக்குத் தொண்டையில் இறங்கவே இறங்காது.

சாயங்காலம் அம்மா டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

"இன்னிக்கும் ஒண்ணு மிச்சமா? யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?"

"யமிலாவோட மா" என்பேன், ஷூவைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டு.

பொய்தான். எனக்காக நான்கு முறை நடந்தவரிடம் வேறு என்ன சொல்வது?

ஒரு திங்கட்கிழமை பெஞ்சில் எனக்கு முன்பே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு லியோரா. மடியில் டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"என்ன ஆச்சு குட்டி?"

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலை. என்னை எதுக்குத் தண்டனை பெஞ்சில உட்கார வச்சாங்க?"

"இது தண்டனை இல்லடா. நாம டப்பா கொண்டு வர்றோம் இல்ல, அதான்."

"டப்பா கொண்டு வர்றது தப்பா?"

அந்த நேரம் பார்த்துக் கணக்கு ஆசிரியர் அந்தப் பக்கம் வந்தார். "அடடே, ரெண்டு வாலுங்களா! என்னத்த உடைச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே போனார். விளையாட்டாகத்தான் கேட்டார். லியோரா ஓவென்று அழுதுவிட்டாள்.

அவளுக்கு ஓடுகளை எண்ணக் கற்றுக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். உடனே எனக்கே வெட்கமாகிவிட்டது. இவளும் நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ண வேண்டுமா?

மறுநாள் காலை எங்கள் ஆசிரியை ஷோஷானா உணவு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை 'மோரா' என்றுதான் கூப்பிடுவோம். பாதி வகுப்பு கொட்டாவி விட்டது.

"ரெண்டு சிநேகிதங்க ஒரே மேசையில உட்கார்றாங்க. ஒருத்தர் சீஸ், இன்னொருத்தர் கறி. மறந்துபோய் அடுத்தவங்க தட்டுல கை வச்சிடக் கூடாது இல்லையா? அதுக்காக நடுவுல ஒரு அடையாளம் வைப்பாங்க."

என் கை தானாக உயர்ந்தது.

"மோரா, அப்படின்னா ஒரே மேசையில உட்காரலாமா?"

"நடுவுல அடையாளம் இருந்தா தாராளமா உட்காரலாம்."

"அப்போ நானும் லியோராவும் ஏன் பெஞ்சில உட்கார்றோம்?"

கொட்டாவிகள் நின்றன. யமிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூடத்துக்குள்ள வெளிச் சாப்பாடு வரக்கூடாதும்மா" என்றார் மோரா, மெதுவாக.

"நாங்க உள்ள வரலை மோரா. அவங்க வெளியே வரலாம் இல்ல?"

"வெளியே மேசை ஏது?"

நான் ஜன்னலைக் காட்டினேன். முற்றத்தில் சிமெண்டுப் பிங்பாங் மேசை வெயிலில் கிடந்தது.

"அடையாளம்கூட ஏற்கெனவே கட்டியிருக்கு. நடுவுல வலை!"

வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. மோரா வாய்விட்டுச் சிரித்தார். "அது சரி, தோன் சாலோகிட்ட யார் கேட்கறது?"

வகுப்பு சத்தமில்லாமல் இடத்துக்குத் திரும்பியது.

மத்தியானம் நானே போய்க் கேட்டேன். லியோரா என் வெள்ளை மேலங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோன் சாலோ நேராக முற்றத்துக்கு நடந்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். வலையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இது சரிப்படாது" என்றார்.

எனக்குக் கண் கலங்கியது. மறுபடியும் பெஞ்சுதானா?

"தொளதொளன்னு தொங்குதே! அடையாளம்னா விறைப்பா நிக்க வேணாமா?" என்றபடி கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "இங்க வர்றவங்களுக்குக் காகிதத் தட்டுதான். வலையைத் தாண்டி ஒரு கை வரட்டும், அப்புறம் இருக்கு!"

முதலில் யமிலா ரொட்டித் தூளில் பொரித்த தன் மிலனேசாக் கறியோடு ஓடி வந்தாள். பிறகு மூன்று பேர். பிறகு இடம் போதாமல் சண்டை. அந்தப் பக்கம் கறி, இந்தப் பக்கம் நாங்கள்.

"ஆப்பிள் எந்தப் பக்கம்டி?" என்று கேட்டாள் யமிலா.

"அது பாலும் இல்ல, கறியும் இல்ல. ரெண்டு பக்கமும்!"

ஆப்பிள் வலைக்கு மேலே பறந்தது. லியோரா எழும்பிப் பிடித்தாள். எல்லோரும் தோன் சாலோவைப் பார்த்தோம்.

"கை வரலை. ஆப்பிள்தான் வந்துது" என்று அவர் தாடியைச் சொறிந்துகொண்டார்.

என் மூன்றாவது எம்பனாடாவை லியோராவும் நானும் பாதிப் பாதியாகத் தின்றோம்.

சாயங்காலம் அம்மா டப்பாவைத் திறந்தார்.

"அட, மிச்சமே இல்லையே! யாரோட சாப்பிட்டே?"

"யமிலாவோட மா."

அதே பழைய பதில்தான். ஆனால் இந்தமுறை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.