கவ்தோஸ் போகவேண்டிய அஸ்தி

காலை 7.10.

“விஜயா அக்கா, அம்மாவைக் காணேல்லை. கெதியா வாங்கோ.”

பக்கத்து வீட்டிலிருந்து கஜீவன் தொலைபேசியில் இப்படிச் சொன்னதும் விஜயா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கஜீவனின் அம்மா நாகேஸ்வரி இறந்து நாற்பது நாள் ஆகிறது. ஒரு நொடி குழம்பியவளுக்குப் பிறகுதான் புரிந்தது. காணாமல் போனது அஸ்திப் பெட்டி.

விஜயாவுக்கு ஊர் கரூர். மெல்பேர்னுக்கு வந்து பதினாறு வருஷம். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டில் நகை போச்சு, கடை தானாக எரிஞ்சு போச்சு என்று வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேசி, பொய்யை உருவி எடுக்கிற உத்தியோகம். மல்கிரேவில் அந்தத் தெருவில் ஒரு பூனை காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இன்று அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். யாழ்ப்பாணத்துக்காரியான நாகேஸ்வரி அவளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சிநேகிதி. இந்த ஊரில் அப்படி ஒருத்தி கிடைப்பதே பெரிய காரியம், அவளும் போய்விட்டாள்.

காலை 7.20.

முன்னறையில் நாகேஸ்வரியின் படம், மாலை, எரிந்துகொண்டிருக்கும் விளக்கு. விளக்குக்குப் பின்னால் பெட்டி இருந்த இடம் காலி. கதவு, ஜன்னல் எதுவும் உடைந்திருக்கவில்லை.

கணவர் கதிர்காமநாதன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற பஸ் சாரதி. பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து காலில் இருந்தது. விமானம் பிற்பகல் மூன்றே காலுக்கு. ஏதென்ஸ், அங்கிருந்து கிரீட், அங்கிருந்து கப்பலில் கவ்தோஸ்.

கவ்தோஸ் என்ற பெயர் நாகேஸ்வரி வேலை செய்த முதியோர் இல்லத்துக் குசினியிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்தது. அவளோடு காய்கறி வெட்டிய ஸ்தவ்ரூலா என்ற கிரேக்கப் பெண்ணின் தாய்வழி ஊர் அது. மத்தியதரைக் கடலில் கிரீட்டுக்கும் தெற்கே ஒதுங்கிக் கிடக்கும் குட்டித் தீவு. நிரந்தரமாக இருப்பவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தைக்கூட நிரப்ப மாட்டார்கள். கடற்கரை மணலில் ஊசியிலை மரங்கள் தண்ணீர் ஓரம் வரைக்கும் இறங்கி நிற்கும். பெரிய ஓட்டல் கிடையாது. தென்கோடி முனையில் யாரோ மரத்தில் செய்து வைத்த ஒரு ராட்சத நாற்காலி, ஏறி உட்கார்ந்தால் முன்னால் கடல் மட்டும்தான்.

“எங்கட கடலிலை எப்பவும் நேவி நிண்டது பிள்ளை,” என்று வேலியோரம் நின்று நாகேஸ்வரி சொல்வாள். “ஒருத்தரும் நிக்காத ஒரு கடலைப் பாக்கோணும். நாலு நாள் சும்மா இருக்கோணும்.” பணமும் லீவும் சேர்ந்து வந்தபோது புற்றுநோயும் வந்தது. கடைசி வாரத்தில், “என்னை அங்க கொண்டுபோய் விடுங்கோ” என்று கணவரிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தப் பயணம்.

“கடைசியா எப்ப பார்த்தீங்க, அங்கிள்?”

“ராத்திரி ஒன்பதரைக்கு. விளக்குக்கு எண்ணெய் விட்டனான். பிறகு நித்திரைக் குளிசை போட்டிட்டுப் படுத்தனான்.”

“வீட்டில யார் யாரு?”

“அண்ணரும் சிவசோதியும். கஜீவன் ஏழு மணிக்குத்தான் வந்தவன்.”

அண்ணர் சிவபாதசுந்தரம் சிட்னிக்காரர், ஹோம்புஷில் வீடு. வந்த நாளிலிருந்து ஒரே பிடிவாதம்: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கே அஸ்தி யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்குப் போயிருக்கவேண்டும், கண்காணாத கிரேக்கத் தீவில் கரைக்க நாங்கள் என்ன அநாதைகளா? இன்று காலை ஆறு மணி விமானத்துக்காக நாலே முக்காலுக்கே டாக்சியில் கிளம்பிவிட்டார்.

“பெரியப்பாதான்,” என்றான் கஜீவன். “ஹண்ட்ரட் பெர்சென்ட். அக்கா, நான் பொலிசுக்குப் போன் அடிக்கப் போறன். எயர்போர்ட் கமராவில பிடிக்கலாம்.”

“பத்து நிமிஷம் பொறு,” என்றாள் விஜயா.

குசினியிலிருந்து சிவசோதி பிளேன்ரீ கொண்டுவந்தான். நாகேஸ்வரியின் தம்பி, நாற்பத்துநாலு வயது. 2012இல் படகில் வந்தவன். பதின்மூன்று வருஷமாக பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறான். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. யாழ்ப்பாணத்தில் தாய் இறந்தபோது செத்தவீட்டை வட்ஸ்அப்பில் பார்த்தவன். டண்டினோங்கில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருப்பவன், அத்தானுக்குப் பெட்டி அடுக்க நாலு நாளாக இங்கேயே தங்கியிருக்கிறான். கவ்தோஸ் பயணத்தை முதல் ஆளாக ஆதரித்தவனும் அவன்தான்.

அவன் தலை ஈரமாக இருந்தது. நெற்றியில் திருநீறு.

“காலையிலேயே குளிச்சாச்சா, அண்ணா?”

“ஓம். அத்தான் பயணம் போற நாள்தானே.”

“அங்கிளோட அண்ணா போறப்ப கையில என்ன இருந்துச்சு?”

“ஒரு பாக். நான்தான் கதவு திறந்துவிட்டனான்.”

“உள்ள பெட்டி இருந்திருக்குமா?”

சிவசோதி தேநீர்க் கோப்பையை அத்தான் பக்கம் நகர்த்தினான். “தெரியாது” என்றான் பிறகு.

காலை 8.05.

சிவபாதசுந்தரம் சிட்னி ரயில் நிலையத்திலிருந்து பேசினார். ஸ்பீக்கரில் குரல் வெடித்தது.

“எந்தப் பெட்டி? நான் எடுத்தனோ? அவளின்ர சாம்பலைக் களவெடுக்கிற அளவுக்கு நான் கெட்டுப்போனனோ? எடுக்கிறதெண்டால் எல்லாருக்கும் முன்னால எடுத்திருப்பன்!”

அது உண்மை என்று விஜயாவுக்குப் பட்டது. ஆனால் படுவதெல்லாம் சாட்சி ஆகாது. தோட்டத்தையும் வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

ஆகஸ்ட் மாதத்துக் குளிர் எலும்பைத் தொட்டது. பின்பக்கத்துக் கொடியில் ஒரு வேட்டி. பிழிந்து போட்டது, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில், வெயில் வருமுன்னே, வேட்டியைத் துவைத்துப் போட அப்படி என்ன அவசரம்? கொடிக்குப் பக்கத்தில் நாகேஸ்வரி வைத்த லெமன் மரம், பழுத்துக் குலுங்கியது.

முன்வாசலில் கதிர்காமநாதனின் வெள்ளை நிற கேம்ரி கார் நின்றது. முன் சக்கரங்களுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழங்கள். நல்ல மஞ்சள், கையளவு பெரிசு. விஜயா குனிந்து பார்த்தாள். தன் ஊர் வழக்கம், இவர்கள் ஊரிலும் வழக்கம். நீண்ட பயணத்துக்கு முன் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, வண்டி அதை ஏறி நசுக்கிவிட்டுப் போகவேண்டும். அவள் விரலால் டயரின் பள்ளத்தைத் தடவினாள். அதில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை நகத்தால் பெயர்த்து மோந்து பார்த்தாள். கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்து கதிர்காமநாதனிடம் கேட்டாள்.

“கார் டயருக்குக் கீழ யார் வச்சது, அங்கிள்?”

“நான்தான். நேற்றுப் பின்னேரம்.”

“கிளம்பறப்பதானே வைக்கணும்?”

“எனக்கு எல்லாம் முதல் நாளே முடியோணும். டண்டினோங் வரைக்கும் போய்த் தேசிக்காய் வாங்கினனான். வீட்டு மரத்தில காய்க்கிறது லெமன். அது எங்கட தேசிக்காய் இல்லை. தேசிக்காய் எண்டால் சின்னன், பச்சை, அதுதான் சரி.”

“இன்னிக்குக் காலைல யாராவது காரை எடுத்தீங்களா?”

“ஒருத்தரும் எடுக்கேல்லை. கார்த் திறப்பு குசினியில கொழுவிக் கிடக்கு.”

விஜயா அப்படியே நின்றாள். யார் எடுத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்துவிட்டது. தேடிக் கண்டுபிடிக்க இனி ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வழக்கு முடிந்ததற்காக அவளுக்கு அழுகை வந்தது இதுதான் முதல் தடவை.

காலை 8.40.

கஜீவன் போனைக் கையில் எடுத்திருந்தான். “இனாஃப். கோல் பண்ணப் போறன்.”

“பண்ணாதே. போலீஸ் வந்தா இந்த வீட்டில ஒருத்தரோட விசாவுக்கு ஆபத்து. போனைக் கீழ வை, சொல்றேன்.”

எல்லாரும் சிவசோதியைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

விஜயா கைக்குட்டையைப் பிரித்தாள். நசுங்கிய பச்சைத் தோல், ஒரு நகத்தளவு.

“அங்கிள், நீங்க வச்ச பச்சைத் தேசிக்காய் உங்க டயர் பள்ளத்தில நசுங்கிக் கிடக்கு. இப்ப சக்கரத்துக்குக் கீழ இருக்கிறது முழு லெமன், உங்க தோட்டத்து மரத்துப் பழம். அப்படின்னா கார் விடியக்காலையில வெளிய போயிருக்கு. போறப்ப தேசிக்காய் நசுங்கிடுச்சு. திரும்பி வந்த ஆள் அதைப் பார்த்திருக்கார். அந்த நேரத்தில கடை ஏது? மரத்தில பறிச்சு மறுபடி வச்சிருக்கார்.”

“களவு தெரியாமல் இருக்கத்தானே?” என்றான் கஜீவன்.

“தெரியாம இருக்கணும்னா நசுங்கினதைக் கூட்டித் தள்ளினாப் போதும். காத்து அடிச்சிட்டுப் போச்சு, எலி இழுத்துட்டுப் போச்சுன்னு அங்கிளே வேற வச்சிருப்பார். இவர் இருட்டில மரத்தைத் தடவிப் பறிச்சு, ரெண்டு சக்கரத்துக்கும் பார்த்து வச்சிருக்கார். ஏன்னா, நசுங்க வேண்டியது நசுங்காம அங்கிள் பயணம் கிளம்பக்கூடாது. அஸ்தியை எடுத்த ஆளுக்கு அங்கிள் நல்லபடியாப் போய்ச் சேரணும். உங்க பெரியப்பாவுக்கு இந்தப் பயணமே ஆகாது, அவர் போனதும் டாக்சியில. உனக்கு இந்தப் பழத்தில எல்லாம் நம்பிக்கை கிடையாது, நீயே போன வாரம் சிரிச்சே. மிச்சம் ஒருத்தர்தான்.”

அவள் குரல் தாழ்ந்தது.

“கொடியில வேட்டி சொட்டுது, அண்ணா. தலைமுழுகிட்டு வேட்டியை நனைச்சுப் போடறது காரியம் முடிஞ்ச பிறகுதான். எந்தக் கடல்?”

சிவசோதி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

“மோர்டியலொக்,” என்றான். “பெரிய அத்தான் போனவுடனை போனனான். பாலத்துக்கு வலப்பக்கம்.”

கஜீவன் அவன் மேல் பாய்ந்தான். விஜயா குறுக்கே நின்றாள். “யூ ஹேட் நோ ரைட்!” என்று கத்தியவன், கத்த முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அம்மா போன நாளில்கூட அவன் இப்படி அழவில்லை.

“அத்தான், நான் உங்களைத் தடுக்க நினைக்கேல்லை,” என்றான் சிவசோதி. “பெட்டிக்குள்ள வேற சாம்பல் போட்டு வைப்பமெண்டும் யோசிச்சனான். உங்களைப் பேய்க்காட்ட மனம் வரேல்லை. அம்மா கிடக்கிற மண்ணுக்கு எனக்குப் போக ஏலாது. அக்காவை அந்தத் தீவில விட்டால் அங்கயும் ஏலாது. ஆர் எந்தக் கடலுக்குக் கொண்டுபோனாலும் எனக்கு ஏலாது. எனக்குப் போகக்கூடின கடல் இது ஒண்டுதான். பஸ்ஸில போகலாம். ஞாயிற்றுக்கிழமையில வாறன் அக்கா எண்டு சொல்லிப்போட்டுத்தான் விட்டனான்.”

கதிர்காமநாதன் புதுச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அவர் அடிப்பார் என்று விஜயா நினைத்தாள். அடித்திருந்தால் சிவசோதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நான் அவவுக்கு வாக்குக் குடுத்தனான்,” என்றார் கடைசியில். “நாற்பத்திமூண்டு வருஷத்தில அவ என்னட்டை வாய்விட்டுக் கேட்டது அது ஒண்டுதான்.”

“தெரியும் அத்தான்.”

“டிக்கெட்டை உனக்குத் தந்து, நீயாவது போய் அந்தக் கடலைப் பாத்திட்டு வாடா எண்டு சொல்லலாமெண்டால், உனக்கு அதுவும் ஏலாது.”

சிவசோதி அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். அவர் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது, பிறகு அவன் ஈரத் தலையில் விழுந்தது.

“தண்ணி எப்பிடிக் கிடந்தது?”

“குளிர், அத்தான். சரியான குளிர்.”

“அவவுக்குக் குளிர் ஒத்துவராதடா,” என்றார். அவர் உடைந்து அழுதது அப்போதுதான்.

பிற்பகல் 3.15.

ஏதென்ஸ் போகும் விமானம் அவர் இல்லாமலே கிளம்பியது. அந்த நேரத்தில் நாலு பேரும் மோர்டியலொக் கடற்கரையில் நின்றார்கள். விஜயாதான் தன் காரில் கூட்டிவந்தாள். காற்று மணலை வாரி முகத்தில் இறைத்தது. நாய்க்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி நடந்து போனாள். கூட்டம் இல்லைதான், ஆனால் நாகேஸ்வரி கேட்ட கடல் இதுவல்ல. விஜயாவுக்கு அவள் வேலியோரம் நின்று விரல்விட்டு எண்ணிய நாலு நாள் நினைவுக்கு வந்தது.

“இந்த இடம்தானே?” என்றார் கதிர்காமநாதன்.

“ஓம்.”

அவர் சப்பாத்தைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். யாரும் தடுக்கும் முன்னே தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரு அலை வந்து தொடையை நனைத்தது. உடம்பு வெடவெடவென்று ஆடியது, ஆனாலும் நகரவில்லை.

“அப்பா, வாங்கோ! ஹார்ட்டுக்குக் கூடாது!”

அவர் திரும்பவில்லை. சிவசோதி ஓடிப்போய்த் தண்ணீருக்குள் அவர் தோளைப் பிடித்தான்.

“அத்தான், நிண்டது காணும். கரைக்கு வாங்கோ. இதுக்குள்ள நிக்க ஏலாது.”

“அவ நிக்கிறா தானே,” என்றார் கதிர்காமநாதன்.