அறுபத்திரண்டு பேருக்கு ஒரே மூச்சு!

"டாக்டரம்மா...! ஓடி வாங்க...! ஐயோ, ஓடி வாங்களேன்...!"

அலறலைக் கேட்டதும் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள் டாக்டர்.

கல் உடைக்கும் ஆலையின் மருத்துவ அறை வாசல். சிமென்ட் தரையில் ஒருவன் கிடந்தான்.

தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதி. உதடு மட்டும் நீலம்!

பாட்டுக்காரன்! கல் நொறுக்கும் கிரஷரின் இரைச்சலையும் மீறிப் பாடுவான் என்பதால் ஆலையில் அவனுக்கு அந்தப் பெயர். இப்போது அவனால் ஒரு வாய் காற்றுகூட உள்ளே இழுக்க முடியவில்லை.

ஆக்சிஜன் வைத்தாள். ஊசி போட்டாள். முட்டி போட்டு அவன் நெஞ்சை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எல்லாம் முடிந்துபோனது.

"பத்து நாள் முந்திதானே நெஞ்சு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க...?"

அவன் மனைவி டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"ஊதுற டெஸ்ட்டுல நல்லாத்தானேம்மா ஊதியிருக்கார்..."

"யாரு ஊதினா? அன்னிக்கு அவரு வேலைக்கே வரல! காய்ச்சல்ல என் மடியில கிடந்தாரு. எப்படி ஊதினாரு, வீட்ல படுத்துக்கிட்டேவா?"

டாக்டர் கோட்டை விடுவித்துக்கொண்டு ஃபைல் அலமாரியைத் திறந்தாள்.

அவள் இந்த ஆலைக்கு வந்து மூன்றே வாரம். கல் தூசி தொழிலாளிகளின் நுரையீரலை அரிக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு குழாயில் மூச்சை முழுசாக ஊத, மிஷின் அதைக் கோடாக வரைந்து தரும். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டிருந்தாள். அறுபத்திரண்டு பேருக்கும்!

ஆனால் சோதனை நடந்த இரண்டு நாளும் அவள் இங்கே இல்லை. நகரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தாள். ஊத வைத்தது கம்பவுண்டர்.

பாட்டுக்காரனின் ஃபைலை உருவினாள். கோடு அழகாக ஏறி அழகாக இறங்கியிருந்தது. இருபது வயதுப் பையன் ஊதியது போல!

டெலிபோன் அலறியது.

"ஹலோ...?"

"அந்த ஃபைலைக் கீழ வை." துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"யா... யாரு நீங்க?"

"வை! வச்சிட்டு வீட்டுக்குப் போ. உடம்பு சரியில்லன்னு சொல்லு. மாமியாருக்கு சீரியஸ்னு சொல்லு. என்ன வேணா சொல்லு... போயிடு!"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல..."

"அப்போ இனிமே ஆகணும்னு ஆசை இருந்தா போ! உனக்கு முந்தி இருந்த டாக்டருக்கும் இதே மாதிரி ஃபைல் மேலதான் ஆசை வந்துச்சு. கிரஷர் மேடையில இருந்து விழுந்தார். எடுக்கும்போது அவர் எப்படி இருந்தார்னு கேட்டுப் பாரு!"

க்ளிக்.

அவள் ரிசீவரை வைத்தாள்.

பழைய டாக்டர் கால் தவறி விழுந்ததாகத்தானே சொன்னார்கள்?

யாரிடம் சொல்வது? மானேஜரிடமா? கம்பவுண்டரிடமா? ஊகும்... ஒரே ஒருவர்தான்!

பெரிய சார். கல்லூரிக்கு வந்து அவளுக்குப் பாடம் எடுத்தவர். அரசாங்கத்தின் தொழிலாளர் நலப் பிரிவில் பெரிய மருத்துவ அதிகாரி. இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான்.

"சார்... இங்க ஒருத்தர் செத்துட்டார் சார்... யாரோ போன்ல மிரட்டறாங்க... ஃபைல்ல ஏதோ தப்பு இருக்கு சார்!"

"பதறாதேம்மா. நான் பக்கத்துலதான் இருக்கேன். அரை மணி நேரத்துல வந்துடறேன். எல்லா ஃபைலையும் ஒரே இடத்துல எடுத்து வை. கதவைத் தாழ் போட்டுக்கோ."

"சரி சார்."

"முக்கியமா அந்தக் கம்பவுண்டரை உள்ள விடாதே!"

தாழ் போட்டாள். மேஜையை இழுத்து முட்டுக் கொடுத்தாள்.

அறுபத்திரண்டு ஃபைலையும் தரையில் பரப்பினாள். பாட்டுக்காரனின் தாளை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். அதன் மேல் இன்னொருவன் தாள். வெளிச்சத்தில் இரண்டு கோடும் தெரிந்தன.

இல்லை... ஒரு கோடுதான் தெரிந்தது!

மூன்றாவது தாள். நான்காவது. பத்தாவது.

ஒரே கோடு! ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். கடைசியில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சின்னதாக ஒரு குலுக்கல்.

ஆளுக்கு ஆள் மூச்சு வேறுபடும். ஒரே ஆள் இரண்டு முறை ஊதினாலே அச்சாக ஒத்துப்போகாது. அறுபத்திரண்டு பேருக்கு எப்படி ஒத்துப்போகும்?

யாரோ ஒருவரின் ஒரே ஒரு மூச்சு!

யாருடையது?

அந்தக் குலுக்கலையே பார்த்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி...

தாளைக் கண்ணருகே கொண்டுவந்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள். மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை நோயில்லாத ஒருவர் ஊதிக் காட்டுவது வழக்கம். 'இந்த வாரம் நீங்களே ஊதுங்கம்மா' என்றார் கம்பவுண்டர். ஊதினாள். 'பலூன் ஊதச் சொன்னா சூடான டீயை ஊதறீங்களே!' என்றார் அவர். அவளுக்கு மூச்சின் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குலுக்கல்... அவளுடைய சிரிப்பு!

அறுபத்திரண்டு பேருக்கும் அவள் மூச்சு. கீழே அவள் கையெழுத்து!

டம்! டம்! டம்!

"டாக்டரம்மா! கதவைத் திறங்க!" கம்பவுண்டரின் குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும்மா! ஒரே ஒரு நிமிஷம்!"

"எ... எதுவா இருந்தாலும் அங்க நின்னே சொல்லுங்க!"

"வெளிய நின்னு சொல்ற விஷயமா இருந்தா நான் ஏம்மா கதவை உடைக்கறேன்? மானேஜர் வேற அந்தப் பக்கம் நிக்கறார்... திறங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

தாழ்ப்பாள் ஆடியது. ஒரு ஆணி தெறித்து விழுந்தது. அவள் மேஜையை முதுகால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

திடீரென்று சத்தம் நின்றது.

அவசரமாக விலகிப்போகும் செருப்புச் சத்தம். பிறகு நிதானமான ஷூ சத்தம்.

"நான்தாம்மா. திற."

பெரிய சார்! கதவைத் திறந்தவள் அழுதே விட்டாள்.

"அட, என்னம்மா இது, சின்னக் குழந்தையாட்டம்? ஃபைலெல்லாம் எடுத்துப் பையில போடு. முதல்ல அந்தக் கிரஷர் மேடையை ஒரு பார்வை பாத்துடலாம். தூசி எவ்வளவு பறக்குதுன்னு நான் குறிப்பு எழுதணும். அப்பதான் கேஸ் நிக்கும்."

மூச்சு அவளுடையது என்று சொல்ல நினைத்தாள். வெட்கம் நாக்கைப் பிடித்தது. மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் சாவு விசாரணைக்கு வந்த போலீஸ் ஜீப் நின்றிருந்தது. கிரஷர் மட்டும் நிற்கவில்லை. மலையை மென்று துப்புகிற இரைச்சல்!

இரும்புப் படிக்கட்டின் அடியில் நின்ற பெரிய சார், சட்டைப் பையிலிருந்து இரண்டு நுரை அடைப்பான்களை எடுத்து உருட்டிக் காதுக்குள் செருகினார். அதற்கு மேல் காது மூடியையும் மாட்டிக்கொண்டார். இரைச்சலுக்குள் போகும்முன் காதைக் காக்க வேண்டும்... முப்பது வருடமாக அவர் எடுத்த பாடம்!

நாற்பது படி ஏறினார்கள். மேடை கிடுகிடுத்தது. கீழே பெரிய பாறைகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. இடுப்பளவுக் கம்பி ஓர் இடத்தில் இல்லை.

"பழைய டாக்டர் இங்கதான் விழுந்தாராம் சார்!" காது மூடியின் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினாள்.

"தெரியும்! பையைக் குடு!" அவரும் கத்தினார்.

"எதுக்கு சார்?"

"குடுன்னா குடு! அறுபத்திரண்டு தாள்லயும் உன் மூச்சுதானே இருக்கு? வெளிய வந்தா ஜெயிலுக்குப் போறது நீதான்!"

அவள் கை பையோடு உறைந்துபோனது.

மூச்சு அவளுடையது என்று அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லையே!

அவர் சிரித்தார். கம்பி இல்லாத பக்கமாக அவளை நெருக்கினார். ஓர் அடி பின்வாங்கினாள். இன்னொன்று. குதிகாலுக்குப் பின்னால் தரை இல்லை!

"ஏன் சார்... ஏன்...?"

"என்ன...? சத்தமா சொல்லு!"

அப்போதுதான் அவள் உள்ளங்காலில் ஏதோ மாறியது. கிடுகிடுப்பு குறைந்தது. இரைச்சல் கம்மியது, முனகியது... நின்றே விட்டது.

கிரஷரை யாரோ நிறுத்திவிட்டார்கள்!

ஆலை முழுக்க ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. கீழே அறுபத்தோரு முகங்கள் அண்ணாந்து பார்த்தன. நடுவில் ஒரு போலீஸ் தொப்பி.

காதுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டிருந்த பெரிய சாருக்கு மட்டும் தெரியவில்லை. பார்வை முழுவதும் பையின் மேல்; காலடியில் அதிர்வு நின்றதையும் அவர் கவனிக்கவில்லை.

அவள் அதைக் கவனித்தாள். கையைக் காதருகே குவித்து, சத்தமே வராமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்தாள்.

*கேக்கல சார்!*

அவ்வளவுதான். தொண்டை கிழியக் கத்தினார் பெரிய சார்.

"பத்து வருஷமா இந்த ஆலைக்கு நல்ல சர்ட்டிஃபிகேட் குடுத்தவன் நான்! அடுத்த மாசம் டைரக்டர் ஆகப்போறவன்! உனக்கு ஏன் இந்த வேலை வாங்கிக் குடுத்தேன் தெரியுமா? படிப்புக்கு இல்லடி! அஞ்சடி ஒன்பது அங்குல உயரத்துக்கு! ஆம்பளைக்குச் சமமான நுரையீரலுக்கு! பயிற்சி வகுப்புக்கு அனுப்பினது நான்! கம்பவுண்டரை மிரட்டி உன் மூச்சை அச்சடிக்க வச்சதும் நான்!"

அவள் மறுபடி வாயசைத்தாள். *பழைய டாக்டர்...?*

"அந்த ஆளையும் நான்தான் தள்ளினேன்! இதே இடத்துல! கத்தினான், ஒருத்தனுக்கும் கேக்கல! உன் சத்தமும் எவனுக்கும் கேக்காது!"

கேக்காது... கேக்காது... என்று கல் மலை திருப்பிச் சொன்னது.

அவர் கை அவள் தோளைத் தொடுவதற்குள், பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தன. கம்பவுண்டர்! நாற்பது படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து நாய் மாதிரி இளைத்துக்கொண்டிருந்தார்.

"போன்ல மிரட்டினது நான்தாம்மா..." என்றார் மூச்சு வாங்க. "பழைய டாக்டரும் இந்தாளோட மேல வந்தார். இந்தாள் மட்டும் கீழ வந்தார். நீங்களாவது பயந்து ஓடுவீங்கன்னு பாத்தேன். நீங்க நேரா இவருக்கே போன் போட்டீங்க!"

"மிஷினை நிறுத்தினது...?"

"நான்தான். நீங்க கத்தினா எங்களுக்குக் கேக்கணுமேன்னு நிறுத்தினேன். இவர் கத்துவார்னு கனவுலயும் நினைக்கல. என்னையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்கம்மா. அச்சடிச்ச கை இதுதான்."

டாக்டர் அந்த இரும்புத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலே ஏறி வந்த இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். பெரிய சார் ஒன்றும் புரியாமல் அவரையும் கீழே நிற்கும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்றீங்க...? எதுக்கு விலங்கு...? கேக்கல...!"

டாக்டர் மெல்ல எழுந்தாள். காது மூடியைக் கழற்றினாள். நுரை அடைப்பான்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நீங்க ஒழுங்கா கடைப்பிடிச்ச பாதுகாப்பு விதி இது ஒண்ணுதான் சார்... அதுலயே மாட்டிக்கிட்டீங்களே!"