பாதம் கழுவும் நாள்

கோயிலில் பாதம் கழுவத் தொடங்கிய சுவாமியார் இன்னும் வரிசையின் தொடக்கத்தில்தான் இருந்தார். ஆனால் நடுவில் ஒரு கதிரையில் அமர்ந்திருந்த அலோசியஸின் வலது கால் அதற்குள் நனைந்துவிட்டது.

குனிந்து பார்த்தான். கணுக்காலில் ஈரம், விரலிடுக்கில் மணல். வீட்டில் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிய கால் அது. பெரிய வியாழனில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல், பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்களைத் தேடியபோது அவனைக் கேளாமலே பேர் கொடுத்தவள் மனைவி நிலாந்தினி.

"நான் ஓம் எண்டிட்டன். மறுகா ஏலாது எண்டு நிக்காதீங்க," என்றாள் அன்றைக்கு. "தம்பி இருந்தா அவனும் உங்களோட வந்து இருந்திருப்பான்."

அந்தப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான். சுனாமியன்று அவன் தென்னையைக் கட்டிப்பிடித்துத் தொங்க, அவள் தம்பி துசாந் கீழே அவனுடைய வலது கணுக்காலைப் பிடித்திருந்தான்.

"அத்தான், விட்டிராதீங்க."

மரம் வழுக்கியது. இரண்டு பேரும் போய்விடுவோம் என்ற பயத்தில் அலோசியஸ் உதைத்தான். அலை அடித்துக்கொண்டு போனதாக நாலு வருசமாய் நிலாந்தினியிடம் சொல்லிவருகிறான். சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலும் அதை விழுங்கிவிட்டான். காட்டிக்கொடுக்கப்போன யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார் என்று சுவாமியார் சற்று முன் பிரசங்கித்தபோது அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. கழுவி என்ன, யூதாஸ் போய்த் தூக்கில்தானே தொங்கினான்.

வன்னிச் சண்டைக்குள் பிள்ளைகள் அகப்பட்ட தாய்மார் முன்வரிசையில் விசும்பிக்கொண்டிருந்தார்கள். கல்முனைக்குடிப் பள்ளிவாசல் பக்கமிருந்து வந்த அந்தி மஃரிப் பாங்கு ஓய்ந்தது. மெழுகுதிரிப் புகைக்குள் உப்பும் அழுகிய பாசியுமாக ஒரு வாடை கிளம்ப, கதிரைகளுக்கு அடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழும் சத்தம் அவனை நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது.

சுவாமியார் அவன் முன் முழந்தாளிட்டார். தண்ணீர் வார்த்தார், துடைத்தார், பாதத்தை முத்தமிட்டார். எழுந்து அடுத்த கதிரைக்குப் போனார்.

ஆனால் வலது கணுக்காலைப் பற்றியிருந்த பிடி போகவில்லை.

குளிர்ந்த விரல்கள். இழுக்கவில்லை. நெரிக்கவுமில்லை. பிடித்திருந்தன, அவ்வளவுதான். மன்னிப்பு என்பது இதுதானோ என்று ஒரு கணம் நினைத்தான். மறுகணம் பயம்.

உதைத்தான்.

பிடித்திருந்த கை விட்டது.

பெண்கள் பக்கத்தில் நிலாந்தினி எழுந்து நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். ஐந்து விரல்களின் ஈரத் தடம் கடற்பக்க வாசலை நோக்கி இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"நில்லுடா தம்பி," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு நிலாந்தினி அதன் பின்னால் நடந்தாள்.