ஒருத்தருக்கு நாலாயிரம்

மகளின் வருங்காலத்துக்கு மசுயோ போட்ட விலை எட்டாயிரம் யென். தலைக்கு நாலாயிரம், ஒரே ராத்திரி. விடிந்தால் வகானாவுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. தேர்வுக் காலத்து ஒசாகாவில் அறைக்காரன் சொன்னதுதான் விலை. உமேதாவில் கேட்ட வாடகைக்குத் தலை சுற்றியது. நம்பாவில் விடிய விடியக் கூச்சல். தென்னோஜியில் ரயில் பாதைக்குப் பின்னால், தேர்வு மண்டபத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இந்த விடுதியைப் பிடித்தது, வாகாயாமாவில் ஊறுகாய் மொத்த வியாபாரம் பார்க்கும் மசுயோவின் மூக்கு.

விடுதிக்காரி மண்டியிட்டு, வீட்டுச் செருப்பை எடுத்து வைத்தாள். ஒரே ஜோடி.

"ஒருத்தர்தானேம்மா?"

வகானா பக்கத்திலேயே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மசுயோ வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஆமா. ஒருத்தர்தான்."

படியேறும்போது வகானா கிள்ளினாள். "என்னம்மா இது!"

"சத்தம் போடாதடி. அவ கண்ணு தெரியாததுக்கு நாமளா வைத்தியம் பாக்கணும்? நாலாயிரம் மிச்சம். பாஸ் பண்ணு, அதுல விலாங்கு மீன் சோறு வாங்கித் தரேன்."

"எனக்குச் செருப்பு?"

"சாக்ஸோட நட, மகாராணி."

நடைபாதையில் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையும், வெகுநாளாகத் திறக்காத அலமாரியின் மக்கிய நெடியும் கலந்து கிடந்தன. பழைய பலகைகள் மசுயோவின் ஒவ்வொரு அடிக்கும் முனகின. பின்னால் வந்த மகளின் அடிக்கு முனகவில்லை. ஒல்லிக் குச்சி, கனமே இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அறையில் ஒரு மெத்தை, ஒரு கோப்பை, ஒரு துண்டு. ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதில் மசுயோவின் முகம் மட்டும் நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்த மகளின் முகம் விழ வேண்டிய இடத்தில் சுவர் தெரிந்தது.

விளக்கை அணைத்து, ஒரே போர்வைக்குள் இருவரும் படுத்தார்கள். மகளின் பாதங்கள் அவள் கெண்டைக்காலில் பட்டு ஜில்லிட்டன.

"அம்மா, குளிருது. கீழ போய் ரெண்டு பேருன்னு சொல்லிடும்மா."

"காலையில சொல்றேன். இப்ப எழுப்பினா அதுக்குத் தனியாப் பிடுங்குவா."

ரயில் போனது. பாதங்களின் ஜில்லிப்பு விலகியது.

"வகானா?"

"இங்கதாம்மா." குரல் சுவரோரத்திலிருந்து வந்தது.

விடியற்காலையின் முதல் ரயில்.

"வகானா?"

"இங்கதான்." சுவருக்குள்ளிருந்து.

கையை நீட்டினாள். மெத்தை. துழாவினாள். மடிப்புக் கலையாத விரிப்பு. சூடில்லை. பள்ளமில்லை. புத்தகமில்லை. பையில்லை.

வெறுங்காலோடு இறங்கி ஓடினாள். விடிந்துகொண்டிருந்தது. விடுதிக்காரி முன்னறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேர்! நாங்க ரெண்டு பேர் வந்தோம்! எட்டாயிரம் எடுத்துக்கோங்க!"

"ஒருத்தர்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

"பதினாறாயிரம். இந்தாங்க, முப்பதாயிரம். பர்ஸோட எடுத்துக்கோங்க!" பிறந்ததிலிருந்து எதற்கும் விலையைத் தானாக ஏற்றிக் கொடுத்தறியாதவள்.

விடுதிக்காரி நாலு நோட்டுகளை எடுத்துக்கொண்டு, மீதியை இரு கைகளாலும் பணிவாகத் தள்ளிவிட்டாள். "கூட வாங்கினா எங்களுக்குக் கெட்ட பேரும்மா."

மாடியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "அம்மா, பரீட்சைக்கு நேரமாச்சு."

விடுதிக்காரி தலை தூக்கவில்லை. ரசீதில் முத்திரையை அழுத்தி நீட்டினாள்.

ஆள் ஒன்று. இரவு ஒன்று. காலை உணவு ஒன்று. மொத்தம் நாலாயிரம் யென். வரவாயிற்று. பாக்கி இல்லை.