அத்தை வீட்டு அமைதி

அத்தை வீட்டில் பதிவு செய்த அந்த ஒரு நிமிடத்தில் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறையில் இருந்ததோ இரண்டே பேர். ஒன்று அவன். அவன் மூச்சை அவனுக்கு நன்றாகத் தெரியும். மூக்குத்தண்டு வளைந்திருப்பதால் இழுத்து முடிக்கும்போதெல்லாம் கொதிக்கப்போகும் கெட்டில் மாதிரி ஒரு விசில் வரும், அதற்காகவே வேலையிடத்தில் அவனை மைக்கிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வார்கள். இன்னொன்று அத்தை, அகலமான, அலுத்துப்போன மூச்சு. மூன்றாவது இந்த இரண்டுக்கும் நடுவில், சிறியதாக, அவசரமாக இருந்தது. ஓடிவந்து வாசற்படியில் நின்ற குழந்தையின் மூச்சு.

ஹெட்போனைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். ஹெட்போனைத் துடைத்தால் உள்ளே இருக்கும் சத்தம் மாறாது என்பது இத்தனை வருடமாக ஒலிப்பதிவு செய்து சோறு தின்பவனுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் துடைத்தான்.

இதெல்லாம் ஆரம்பித்தது காது டாக்டரிடம். அவன் மகளுக்கு, வீட்டில் சுண்டு என்று கூப்பிடும் ஏழு வயதுக்காரிக்கு, சில மாதங்களாக இடது காது மந்தமாகிக்கொண்டே வந்தது. ஒலிப்பதிவுக்காரன் மகளுக்கே காது போவது வேறொருவர் வீட்டில் நடந்திருந்தால் அவன்தான் முதல் ஆளாகக் கிண்டல் செய்திருப்பான். சோதனைக் கூண்டுக்குள் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். சத்தம் கொடுத்தபோது அழுத்தவில்லை. கொடுக்காதபோது, யாரோ கேள்வி கேட்டதற்குப் பதில் சொல்வது போல, விட்டு விட்டு அழுத்தினாள்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இப்படி ஆகியிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியல டாக்டர். அப்பா எதுவும் பேச மாட்டாரு."

"பேச வராதா?"

"வரும். அவருக்குப் பதிலா ரேடியோ பேசிடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "விசாரிச்சுட்டு வாங்க. பரம்பரையா வர்றதுன்னா வைத்தியமே வேற. தள்ளிப்போடாதீங்க, அடுத்து வலது காதுக்கும் போகலாம்."

அப்பா இறந்து பல வருடங்களாகிவிட்டன. குடும்ப வரலாறு தேடப் புறப்படுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, இருப்பவர்களில் மூத்தவரிடம் போ என்பது. எடுத்தவுடன் பெயரும் தேதியும் கேட்காதே, எந்த வீட்டில் இருந்தீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று கேள், பதில் வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திரு. அவனுக்கு மிச்சமிருந்த மூத்தவர் அப்பாவின் அக்கா ஒருத்திதான்.

"உங்க வீட்டு ஆளுங்க 'பசிக்குது'ன்னு சொல்றதுக்கே நாள் பார்ப்பீங்க. இதுல பேட்டி வேறயா?" என்றாள் மனைவி. ஆனாலும் போய்விட்டு வரச் சொன்னாள். அவள்தான் இரவெல்லாம் சுண்டுவின் இடது காதில் மெதுவாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

அத்தை வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, இரண்டும் வேறு வேறு நிலையத்தில். மைக்கை வைத்ததும் அவன் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. எந்தப் பேச்சைப் பதிவு செய்வதற்கு முன்பும் அந்த அறையின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வான். பிற்பாடு இரைச்சலைக் கழிக்க அது வேண்டும்.

"ஒரு நிமிஷம் ரேடியோவ நிறுத்திக்கலாமா அத்தை?"

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"நீங்க சொல்றது தெளிவா விழணுமே."

"விழற அளவுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லடா. நானும் உங்கப்பனும் ரெண்டே பேரு. எழுதிக்கோ, கிளம்பு."

"சுண்டுக்காகத்தான் அத்தை. ஒரே நிமிஷம்."

அத்தை அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு வந்து, கைகளை மடியில் புதைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கடிகாரத்தைப் பார்த்தான். முடிந்ததும், வேலையிடத்தில் தினமும் சொல்கிற மாதிரி, "சரி, போலாம்" என்றான்.

அத்தையின் முகம் வெளிறிப்போய்விட்டது. அதற்குப்பின் அவன் கேட்ட எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. எவ்வளவு காத்திருந்தும்.

இப்போது, மறுநாள், தன் வீட்டில், மழை விட்ட சாயங்காலத்தில், அந்த நிமிடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவி வேலை முடிந்து வர நேரமிருந்தது. அடுத்த அறையில் சுண்டு மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டை மேல் கட்டை உட்காரும் சத்தம், ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர், ஈரச் சுவரின் வாசனை, எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன. ஒலியைக் கூட்டினான். அத்தையின் நாற்காலி முனகியது. அந்தச் சின்ன மூச்சு ஒரு முறை தடுக்கி நின்றது. பிறகு, மைக்குக்கு மிக அருகில், உதடு வறண்ட குரல்.

"அக்கா."

யாரும் பதில் சொல்லவில்லை.

"அக்கா, இருக்கியா?"

நாற்காலி மறுபடி முனகியது. குரல் இடம் மாறியது. அவன் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது.

"என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

அதற்குப்பின், தெளிவாக, உற்சாகமாக, அவனுடைய சொந்தக் குரல்: "சரி, போலாம்."

போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டான். அத்தை உடனே எடுத்தாள்.

"அத்தை, அது யாரு?"

"கேட்டுட்டியா?" அவள் குரல் இளகியிருந்தது. "சின்னவன்டா. எங்க தம்பி. ஒட்டிக்கிற காய்ச்சல்னு உள் அறையில தனியாப் போட்டாங்க. யாரும் கிட்ட போகக்கூடாது. பதில் சொன்னா இன்னும் அழுவான், பேசாம இருங்கன்னாங்க. நானும் உங்கப்பனும் கதவுக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தோம். கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். நாங்க பேசவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னு போச்சு. தூக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாளே திரும்பக் கூப்பிட ஆரம்பிச்சுட்டான். எனக்கு வெளியிலேர்ந்து கேக்கும். உங்கப்பனுக்கு இடது காதுக்குள்ளயே. அதனாலதான் ரேடியோ. கூப்பிடுவான், அவ்வளவுதான். யாராவது சரின்னு சொல்ற வரைக்கும் வர மாட்டான்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "இப்ப ஏன் அத்தை உங்க ரேடியோ சத்தம் கேக்கல?"

"நிறுத்திட்டேன். இப்ப எதுக்கு?" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "வீடு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா. நேத்துதான்டா தூங்குனேன். என்ன மன்னிச்சுடு. குழந்தைய மட்டும் பதில் சொல்ல விடாத."

அடுத்த அறையில் கட்டைச் சத்தம் நின்றிருந்தது.

எப்போது நின்றது? தெரியவில்லை. சத்தத்தைக் கவனிப்பதுதான் அவன் பிழைப்பு. இதைக் கவனிக்கவில்லை.

"சுண்டு?"

எழுந்தான். நாற்காலி விழுந்தது. நடைவழி விளக்கைப் போட மறந்து இருட்டில் நடந்தான். ஈரச் சுவரின் வாசனை இப்போது வேறாக இருந்தது. பூட்டிய அறையின் வாசனை. மாற்றாத படுக்கையின் வாசனை. காய்ச்சலின் புளிப்பு.

"சுண்டும்மா, அப்பா கூப்பிடுறேன்ல?"

அவள் பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, எதிராளிக்கு இடம் விட்டு.

"ம்... எனக்கும் ஏழு... இல்ல, அம்மா வேலைக்குப் போயிருக்காங்க... தண்ணியா? நான் எடுத்துத் தரேன்."

கதவைத் தள்ளினான். முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பாதி கட்டிய வீடு. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, தோளில் யாரோ கன்னம் வைத்திருக்க இடம் கொடுத்த மாதிரி.

"சுண்டு!"

திரும்பவில்லை. நல்ல காது வலது. அவன் நின்றது வலது பக்கம்.

"சுண்டு! இங்க பாரு! அப்பா இங்க இருக்கேன்!"

கத்தினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் அசையவில்லை. சுற்றி வந்தான். கால் கட்டையில் இடறியது. மண்டியிட்டான். அவள் முகம் தெரிந்தது. பயமே இல்லாத முகம். இடது கையில் ஒரு கட்டை, வலது கையில் ஒரு கட்டை.

அவளுடைய வலது காதை, பின்னாலிருந்து வந்த மூன்றாவது கை ஒன்று பொத்தியிருந்தது.

சின்னக் கை. எலும்பின் மேல் தோல் மட்டும். உலர்ந்து வெடித்த நகங்கள்.

"எங்க அப்பாவா?" என்று அவள் இடப்பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லையே, என்னை யாரும் கூப்பிடலயே."

அவன் இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அந்த விரல்கள், ஒவ்வொன்றாக, இன்னும் இறுக்கி மூடிக்கொண்டன.